பழைய மோட்டார்ஹோமின் உட்புறப் பிளாஸ்டிக் பட்டைகள் தொட்டாலே உடைகின்றன: காப்பாற்ற வழி உண்டா?

சக்கரவீடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1970களின் பிற்பகுதியில் தயாரான ஒரு மோட்டார்ஹோமை, அதாவது உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டியை, சீரமைத்து வருகிறேன். எஞ்சின், பிரேக், மின்கம்பிகள், கூரை ஒழுகல் ஆகிய வேலைகள் ஓரளவு முடிந்துவிட்டன. இப்போது உட்புறத்துக்கு வந்திருக்கிறேன். இங்கேதான் கை வைக்கவே அச்சமாக இருக்கிறது.

சன்னல்களைச் சுற்றியுள்ள சட்டங்கள், கூரையும் சுவரும் சேரும் இடத்தில் ஓடும் நீளமான மூலைப்பட்டைகள், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே உள்ள அலமாரியின் வளைந்த முகப்பு, விளக்குகளின் மூடிகள், பலகை இணைப்புகளில் திருகுகளை மறைக்கச் செருகப்பட்ட மெல்லிய நாடா என்று ஏறத்தாழ எல்லாமே பிளாஸ்டிக். வெள்ளையாக இருந்தவை பழுப்பேறிவிட்டன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு சன்னல் சட்டத்தைக் கழற்றலாம் என்று இரண்டு திருகுகளைத் தளர்த்தியவுடனே, மூன்றாவது திருகின் துளையிலிருந்து விரிசல் ஓடி, மூலை கையோடு வந்துவிட்டது. உடைந்த துண்டை விரலால் அழுத்தினால் காய்ந்த சருகுபோல் நொறுங்குகிறது. விளிம்பைத் தேய்த்தால் விரலில் சுண்ணாம்பு போல வெண்பொடி ஒட்டுகிறது.

இவற்றுக்கு மாற்று உதிரிகள் கிடைப்பதில்லை; கிடைக்கும் ஒன்றிரண்டும் இதே வயதுடைய, இதே நிலையில் உள்ள பழைய பாகங்கள்தான். ஆகவே இருப்பவற்றையே காப்பாற்ற விரும்புகிறேன். என் கேள்விகள் மூன்று. பிளாஸ்டிக்கில் ஊறி அதை மீண்டும் மென்மையாக்கும் எண்ணெயோ திரவமோ உண்மையில் உண்டா? உடைந்தவற்றை எதைக் கொண்டு ஒட்டினால் மறுபடியும் அதே இடத்தில் உடையாது? இன்னும் சுவரிலேயே இருக்கும் பாகங்களை உடைக்காமல் கழற்றுவது எப்படி?

---

பழம்பட்டறை எழுதியது:

முதல் கேள்விக்கான விடை உங்களுக்கு ஏமாற்றமளிக்கும் என்றாலும் அதை முதலில் சொல்லிவிடுவதே நல்லது. நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்ட பிளாஸ்டிக்கை மீண்டும் வலுவாக்கும் திரவம் எதுவும் இல்லை. கடைகளில் பிளாஸ்டிக் புத்துயிரூட்டி என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் மேற்பரப்பின் நுண்ணிய குழிகளை நிரப்பி நிறத்தை ஆழமாகக் காட்டும் எண்ணெய்களும் சிலிக்கோன்களுமே. அவை உங்கள் வேலைக்குத் தீங்கும் செய்யும். சிலிக்கோன் ஒருமுறை படிந்துவிட்டால் பின்னர் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது, பெயின்ட் அடித்தாலும் மீன்கண் போன்ற குழிகள் விழும். ஆகவே அவற்றை இப்போதைக்குக் கிட்டவே சேர்க்காதீர்கள்.

காரணம் இதுதான். அந்தக் காலத்து உட்புறப் பாகங்களில் பெரும்பாலானவை ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. கடினமான ஸ்டைரீன்-அக்ரிலோநைட்ரைல் பகுதிக்குள் பியூட்டாடையீன் ரப்பரின் மிக நுண்ணிய துகள்கள் பரவியிருப்பதால்தான் அது அடிபட்டாலும் உடையாமல் தாங்குகிறது. புற ஊதாக் கதிரும் வெப்பமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் முதலில் தாக்குவது அந்த ரப்பரைத்தான். ரப்பர் இறுகிவிட்டால் எஞ்சுவது கண்ணாடி போன்ற கடினம் மட்டுமே. இது வேதிப்பிணைப்புகளில் ஏற்பட்ட மாற்றம் என்பதால், ஈரம் இழந்த தோலுக்கு எண்ணெய் தடவுவதுபோல எதையும் திருப்பி ஊட்ட முடியாது.

ஆனால் இதில் ஓர் ஆறுதல் உண்டு. உடைந்த துண்டின் குறுக்குவெட்டை உருப்பெருக்கியில் பாருங்கள். வெயில் பட்ட முகத்தில் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்றும், அதற்கு உள்ளே பழைய நிறம் மாறாத பகுதியும் தெரிந்தால், சிதைவு பெரும்பாலும் மேலோட்டிலேயே நின்றிருக்கிறது என்று பொருள். விரிசல் அந்த மேலோட்டில் பிறந்து அங்கிருந்து உள்ளே ஓடுகிறது. அத்தகைய பாகத்தின் மேலோட்டை உப்புத்தாளால் தேய்த்து நீக்கினாலே தாங்கும் திறன் ஓரளவு மீள்வதுண்டு. மறைவான விளிம்பு ஒன்றை மெதுவாக வளைத்தும் சோதிக்கலாம்: உயிருள்ள ஏபிஎஸ் உடைவதற்கு முன் வளைவில் வெளுக்கும்; செத்துப்போனது வெளுக்காமலே சட்டென்று முறியும். குறுக்குவெட்டு முழுவதும் பழுப்பேறி, வெளுக்காமல் முறியும் பாகத்தை அச்சு எடுப்பதற்கான மாதிரியாக மட்டுமே கருதுங்கள்.

எதையும் ஒட்டுவதற்கு முன் அது எந்தப் பிளாஸ்டிக் என்று அறிவது கட்டாயம். பின்புறத்தில் பெயர் பொறிக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் பரவலாக இல்லை. ஆகவே நாமே சோதிக்க வேண்டும். விரல்நகம் அளவுத் துண்டைச் சிறிது சோப்பு கலந்த நீரில் போடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலித்தீன். இவற்றைச் சாதாரணப் பசைகள் எதுவும் பிடிக்காது. மூழ்கினால், ஒரு லிட்டர் நீரில் 200 கிராம் உப்பைக் கரைத்து அதில் போடுங்கள். அதில் மிதப்பது ஏபிஎஸ் அல்லது பாலிஸ்டைரீனாக இருக்கும். மூழ்குவது பிவிசி அல்லது அக்ரிலிக்காக இருக்கலாம். தீத்தடுப்புப் பொருள் சேர்த்த ஏபிஎஸ்ஸும் சில வேளைகளில் மூழ்கிவிடும் என்பதால் அசிட்டோன் சோதனையையும் செய்யுங்கள். பஞ்சுக் குச்சியில் ஒரு துளி தொட்டுப் பின்புறத்தில் வைத்தால் ஏபிஎஸ்ஸும் பாலிஸ்டைரீனும் சில நொடிகளில் பிசுபிசுக்கும். பாலிப்ரொப்பிலீனுக்கு ஒன்றும் ஆகாது. தீயில் காட்டிப் பார்க்கும் சோதனையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், அதை மூச்சில் இழுக்க வேண்டாம்.

கழற்றும் வேலைக்கு வருகிறேன். குளிர்ந்த நாளில் இதைச் செய்யவே கூடாது. வண்டியின் உட்புறம் நன்றாகச் சூடேறியிருக்கும் நேரத்தில் தொடங்கி, கழற்றப்போகும் பகுதியை ஹேர் டிரையரால் 40 முதல் 50 பாகை செல்சியஸ் வரை, கையால் தொட்டால் சூடு தெரியும் ஆனால் சுடாது என்ற அளவுக்கு, பொறுமையாகச் சூடாக்குங்கள். ஒரு திருகை முழுவதும் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாத் திருகுகளையும் முதலில் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள்; ஒரு பக்கம் விடுபட்டு மறுபக்கம் இறுகியிருப்பதால்தான் உங்கள் மூன்றாவது துளை கிழிந்திருக்கிறது. துருப்பிடித்துச் சுழலாத திருகின் தலையை டிரில்லால் துளைத்து நீக்கிவிடுங்கள். அதன்மேல் துருநீக்கி எண்ணெயைப் பீய்ச்ச வேண்டாம். இறுக்கத்தில் இருக்கும் ஏபிஎஸ் சில எண்ணெய்களும் கரைப்பான்களும் பட்டவுடன் தானாகவே விரிசல் விடும். நெம்புவதற்கு ஸ்க்ரூடிரைவரை விட்டுவிட்டு அகலமான பிளாஸ்டிக் தகட்டைப் பயன்படுத்துங்கள். பின்னால் பசையால் ஒட்டப்பட்டிருந்தால் மெல்லிய மீன்பிடி நூலை உள்ளே நுழைத்து, அறுப்பதுபோல இழுத்துக் கொண்டுபோகலாம்.

---

இழைத்துணி எழுதியது:

மேலே சொன்னவை அனைத்தையும் ஏற்கிறேன். ஒட்டுவதற்கு நான் நம்புவது ஏபிஎஸ் குழம்பைத்தான். அதே பாகத்தின் பயனற்ற துண்டுகளையோ புதிய ஏபிஎஸ் துகள்களையோ கண்ணாடிக் குப்பியில் போட்டு, அவை மூழ்கும் அளவுக்கு அசிட்டோன் ஊற்றி, இறுக மூடி ஓர் இரவு வைத்தால் தேன் பதத்தில் குழம்பு கிடைக்கும். விரிசலின் இரு விளிம்புகளிலும் பின்புறத்திலிருந்து வி வடிவில் பள்ளம் வெட்டி, இந்தக் குழம்பை மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். அசிட்டோன் ஆவியாகிப் போனதும் எஞ்சுவது ஏபிஎஸ் மட்டுமே என்பதால், இணைப்பு என்று தனியாக ஒன்று இல்லாமல் பாகமே ஒன்றாகிவிடுகிறது. தேய்ப்பதற்கும் சுகம், பட்டியும் பாகமும் ஒரே கடினத்தில் இருப்பதால் உப்புத்தாள் ஒரு பக்கத்தை மட்டும் குடைந்துவிடாது.

குழம்புக்கு வெள்ளை லெகோ கட்டைகளைக் கூடப் பயன்படுத்துவார்கள். 1963 முதல் அவை ஏபிஎஸ்ஸில்தான் செய்யப்படுகின்றன. குழந்தைகளிடம் அனுமதி வாங்குவது உங்கள் பொறுப்பு.

ஒவ்வோர் அடுக்கும் காயச் சில மணி நேரம், முழுதும் இறுக இரண்டு மூன்று நாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டுத் தேய்த்தால் உள்ளே சிக்கிய கரைப்பான் பின்னர் வெளியேறும்போது அந்த இடம் குழியும். அசிட்டோன் ஆவி எளிதில் தீப்பற்றும். வண்டிக்குள் இந்த வேலையைச் செய்யாமல் திறந்த வெளியில் செய்யுங்கள்.

---

பழம்பட்டறை எழுதியது:

இழைத்துணி அவர்கள் சொன்ன முறை, இன்னும் உயிருள்ள ஏபிஎஸ்ஸுக்கு மிகச் சிறந்தது. ஆனால் கேள்வியில் சொல்லப்பட்டிருப்பது விரலால் அழுத்தினால் நொறுங்கும் பாகம். அதில் எனக்கு இரண்டு தயக்கங்கள் உள்ளன. வார்க்கும்போதே உள்ளே தங்கிவிட்ட இறுக்கம் உள்ள பழைய பிளாஸ்டிக்கில் அசிட்டோன் பட்டால், பூசிய இடத்தைச் சுற்றிச் சிலந்திவலை போல நுண்விரிசல்கள் கிளம்பலாம். இரண்டாவதாக, பூசிய கோடு வலுவாகிவிட்டாலும் அதற்கு ஒரு விரல் தள்ளியிருக்கும் பகுதி பழைய பலவீனத்தோடுதானே இருக்கிறது? அடுத்த விரிசல் அங்கே விழும். விரிசலை மட்டும் பார்த்து ஒட்டிக்கொண்டிருந்தால் வேலை முடியவே முடியாது.

ஆகவே இப்படிப் பாருங்கள்: பழைய பிளாஸ்டிக் இனி வெறும் முகம், சுமையைத் தாங்கப்போவது அதன் முதுகில் நீங்கள் வைக்கும் புதிய பொருள். அதற்கு எபாக்சியும் (இரு திரவங்களைக் கலந்தால் இறுகிக் கெட்டியாகும் பிசின், அதாவது ரெசின்) கண்ணாடி இழைத் துணியும் பொருத்தமானவை. பாலியெஸ்டர் ரெசினும் மலிவாகக் கிடைக்கும். அதிலுள்ள ஸ்டைரீன் மெல்லிய ஏபிஎஸ்ஸை இளக்கி, முகப்பில் அலையலையாகக் காட்டிவிடக்கூடும் என்பதால் நான் அதைத் தவிர்ப்பேன்.

செய்முறை இது. பாகத்தை மிதமான சோப்பு நீரில் கழுவிக் காயவிடுங்கள். உடைந்த துண்டுகளைப் பொருத்தி, முகப்பில் ஒட்டுநாடா இட்டு, விரிசலின் பின்புறத்தில் ஆங்காங்கே சயனோஅக்ரிலேட் பசையை (நொடிகளில் ஒட்டும் சூப்பர் குளூ) ஒரு துளி வைத்து நிலைநிறுத்துங்கள். அந்தப் பசை இறுகினால் தானும் முறியும் தன்மையுடையது என்பதால் அதன் வேலை துண்டுகளைப் பிடித்துவைப்பது மட்டுமே. இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் விரிசலின் நுனியில் 2 மில்லிமீட்டர் துளை ஒன்றை இட்டால் அது அங்கேயே நிற்கும். பிறகு பின்புறம் முழுவதையும் 80 அல்லது 120 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். தேய்க்கும்போது நீர் தெளித்து ஈரமாகவே வைத்திருங்கள், முகமூடியும் அணியுங்கள்: பழைய பிவிசியில் ஈயச் சேர்மங்களும், பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக்குகளில் காட்மியம் நிறமிகளும் இருந்திருக்கின்றன.

சதுர மீட்டருக்கு 160 முதல் 200 கிராம் எடையுள்ள நெய்த துணி போதும். முதல் அடுக்கைப் பட்டையின் நீளவாக்கிலும் இரண்டாவதை 45 பாகை சாய்த்தும் வைத்து, ரெசின் துணியில் ஊறித் துணி கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை மட்டும் தூரிகையால் அழுத்துங்கள். ரெசின் தேங்கினால் எடைதான் கூடும், வலு கூடாது. இரண்டு அடுக்கும் சேர்ந்து ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனம் சேர்க்கும் என்பதை மறக்க வேண்டாம். சுவரோடு படியும் விளிம்பிலும் அடுத்த பாகத்துக்குள் நுழையும் நாக்கிலும் துணி ஏறாமல் நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பாகம் வலுவாக இருக்கும், ஆனால் இடத்தில் உட்காராது. வளைந்த மூலைகளில் துணியைச் சிறு பட்டைகளாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வையுங்கள். வெற்றிட முறையில், அதாவது சூடாக்கிய தகட்டை அச்சின்மேல் உறிஞ்சிப் படியவைத்து, வார்த்த பாகங்களில் மூலைதான் தகடு இழுபட்டு மிக மெலிந்திருக்கும் இடம். உங்கள் அலமாரி முகப்பு அந்த வகை என்றால் அங்கே மூன்றாவது அடுக்கும் தகும்.

பலரும் கவனிக்காத செய்தி ஒன்றும் உண்டு. அறை வெப்பத்தில் இறுகும் எபாக்சிகள் பல, 50 முதல் 60 பாகையைத் தொட்டவுடன் இளகத் தொடங்கும். மூடிய வண்டியில் வெயில் நேரடியாகப் படும் பரப்பு அந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடும். எனவே ஒரு நாள் இறுகவிட்ட பிறகு, பாகத்தை அதன் வடிவம் மாறாதபடி பலகையில் கட்டி, 50 முதல் 60 பாகை வெப்பத்தில் சில மணி நேரம் வைத்து எடுங்கள்; ரெசின் தாங்கும் வெப்பம் அதனால் உயரும். ஏபிஎஸ் அந்தச் சூட்டைத் தாங்கும், அது இளகுவது 100 பாகைக்கு அருகில்தான்.

---

இழைத்துணி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், பின்புறத்துக்கு எபாக்சி. ஆனால் முகப்பில் தெரியும் விரிசல் கோட்டை நிரப்ப எபாக்சிப் பட்டியைவிடக் குழம்பே மேல் என்ற என் கருத்தை மாற்றிக்கொள்ளப்போவதில்லை. முதுகில் துணி பிடித்தபின் அசிட்டோனால் வரும் ஆபத்தும் குறைவு. மறைவான ஓரத்தில் ஒரு கோடு பூசி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொடங்கினால் போதும்.

---

சக்கரவீடு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்ன சோதனைகளைச் செய்து பார்த்தேன். சன்னல் சட்டங்களும் மூலைப்பட்டைகளும் அலமாரி முகப்பும் உப்பு நீரில் மிதந்தன, அசிட்டோனில் பிசுபிசுத்தன. ஆகவே ஏபிஎஸ் என்று கொள்கிறேன். மூலைப்பட்டைகளின் குறுக்குவெட்டில் பழுப்புக் கோடு மெல்லியதாகத்தான் இருக்கிறது. ஆனால் சன்னல் சட்டங்களில் இரண்டு, முகம் முதல் முதுகு வரை ஒரே பழுப்பு. வளைத்தால் வெளுக்கவும் இல்லை. திருகை மறைக்கும் நாடா உப்பு நீரிலும் மூழ்கியது, இரண்டு முனைகளிலும் விரலளவு சுருங்கியும் இருக்கிறது. விளக்கு மூடிகளும் மிதந்தன, அசிட்டோனில் பிசுபிசுத்தன. ஒன்று உடைந்தபோது கண்ணாடி போலக் கூரிய சில்லுகளாகச் சிதறியது.

செத்துப்போன அந்தச் சட்டங்களைப் போலவே புதியது செய்துகொள்ள என்ன வழி? மேலும், பழுப்பு நிறத்தை ஹைட்ரஜன் பெராக்சைடால் நீக்கலாம் என்று படித்தேன். முதலில் அதைச் செய்துவிட்டு ஒட்ட வேண்டுமா, ஒட்டிவிட்டுச் செய்ய வேண்டுமா?

---

மூன்றாம்கியர் எழுதியது:

பெராக்சைடைப் பற்றி முதலில். பழைய கணினிகளைச் சேகரிப்பவர்களிடையே 2008 அளவில் பரவிய முறை அது. பெராக்சைடு கரைசலையோ கூழையோ பூசி, புற ஊதா ஒளியில் வைத்தால் பழுப்பு வெளுக்கும். நிறம்தான் மாறுமே தவிர வலு திரும்பாது; காலப்போக்கில் பழுப்பு மீண்டும் வரவும் கூடும். கூழ் ஓரிடத்தில் காய்ந்துவிட்டால் அங்கே திட்டுத்திட்டாக வெளுத்து, முன்பைவிட மோசமாகத் தெரியும். உடையாத, பெயின்ட் அடிக்கத் தேவையற்ற பாகங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். ஒட்டுப்போட்ட பாகத்தில் ஒட்டின் கோடு எப்படியும் தெரியும் என்பதால் பெயின்ட் அடித்தே ஆக வேண்டும். அப்படியிருக்க, அதை வெளுக்கவைப்பது வீண் உழைப்பு. 400 எண் உப்புத்தாள், பிளாஸ்டிக்குக்கு உரிய பிரைமர், அதன்மேல் புற ஊதாவைத் தாங்கும் இரு கலவை பாலியூரித்தேன் பெயின்ட் என்ற வரிசையில் போனால், அந்தப் பூச்சே பிளாஸ்டிக்குக்குக் குடையாகவும் இருக்கும். இரு கலவைப் பெயின்டின் இறுக்கியில் ஐசோசயனேட் உள்ளது. அதைத் தெளிப்பதற்கு ஏற்ற சுவாசக் கவசம் இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தைப் பெயின்ட் பட்டறையிடம் விட்டுவிடுங்கள்.

நாடா பிவிசிதான். அதில் கலந்திருந்த மென்மையாக்கி வெளியேறியதால் சுருங்கி இறுகியிருக்கிறது. அதைக் காப்பாற்ற முயல வேண்டாம். அகலத்தை அளந்து புதிய சுருள் வாங்கிவிடுங்கள். செருகும்போது இழுக்காமல், இலேசாகச் சூடாக்கி, நீளத்தைத் தாராளமாகவே விட்டு முனையை மடக்கிச் செருகுங்கள், ஏனென்றால் புதியதும் ஒருநாள் சுருங்கத்தான் போகிறது.

விளக்கு மூடி பாலிஸ்டைரீனாக இருக்க வேண்டும். இழைக்குமிழ் விளக்கின் சூடு அதை உள்ளிருந்தே வாட்டியிருக்கும். ஒட்டினால் கோடு ஒளியில் தெரியும் என்பதால், பால்வெள்ளை அக்ரிலிக் தகட்டில் புதிதாக வெட்டிக்கொள்வதே அழகு. அதோடு குமிழை எல்இடிக்கு மாற்றிவிட்டால் புதிய மூடிக்கு அந்தத் தொல்லை இராது.

சன்னல் சட்டத்துக்கு வருவோம். பழையதை மாதிரியாக வைத்துப் புதியது செய்ய மூன்று வழிகள் உள்ளன. வடிவம் ஆழமில்லாததாக இருந்தால் வெற்றிட முறை வேகமானது: 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஏபிஎஸ் தகட்டை 150 முதல் 170 பாகை வரை சூடாக்கி, அச்சின்மேல் படியவைத்துக் காற்றை உறிஞ்ச வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. பழைய சட்டத்தின் மேலேயே தகட்டைப் படியவைத்தால், தகட்டின் கனம் அளவுக்குப் புதியது எல்லாப் பக்கமும் பெருத்துவிடும். சன்னல் குழியில் நுழையாது. அந்தச் சூட்டைப் பழைய சட்டமும் தாங்காது. ஆகவே பழையதிலிருந்து குழிவான அச்சு ஒன்றை எடுத்து, அதற்குள் தகட்டை இறக்குவதே சரி.

குழிவான அச்சு கையில் வந்துவிட்ட பிறகு வெற்றிடப் பெட்டி எதற்கு என்பது என் எண்ணம். அச்சில் மெழுகும் விடுவிப்புப் பூச்சும் இட்டு, கண்ணாடி இழையும் ரெசினும் அடுக்கி எடுத்தால், பழைய சட்டத்தின் முகமும் மணல்மணலான மேற்பரப்பும் அப்படியே பதியும். பழையதைவிட வலுவாகவும் இருக்கும். ஒரே மாதிரியான இரண்டு சட்டங்கள் தேவைப்படும் உங்களுக்கு இதுவே பொருத்தம். அச்சு எடுப்பதற்கு முன் பழைய சட்டத்தின் உடைந்த மூலையை ஒட்டி, பட்டி பார்த்து, வண்டியிலேயே ஒருமுறை பொருத்தி அளவை உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனென்றால் மாதிரியில் உள்ள கோணல் ஒவ்வொரு பிரதியிலும் வரும்.

மூன்றாவது வழி முப்பரிமாண அச்சு. சிறிய கொக்கிகள், காற்றுத் தட்டிகள், மூலைமூடிகள் போன்றவற்றுக்கு அது அருமையானது, பெரிய சட்டங்களுக்கு அன்று. பொருளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. இந்த அச்சுக்குப் பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் 60 பாகையிலேயே இளகும். வெயிலில் நின்ற வண்டிக்குள் அது தொங்கிவிடும். ஏஎஸ்ஏ என்ற பொருளில் அச்சிடுங்கள்; ஏபிஎஸ்ஸின் உறவுதான், ஆனால் பியூட்டாடையீனுக்குப் பதிலாக அக்ரிலேட் ரப்பர் இருப்பதால் வெயிலை நன்றாகத் தாங்கும்.

---

சக்கரவீடு எழுதியது:

அச்சு முறையையே தேர்ந்துகொள்கிறேன். கடைசியாக ஒன்று: திரும்பப் பொருத்தும்போது பழைய துளைகளையே பயன்படுத்தலாமா? ஏறத்தாழ எல்லா விரிசல்களும் துளைகளிலிருந்துதான் தொடங்கியிருக்கின்றன.

---

பழம்பட்டறை எழுதியது:

இடம் அதுவே இருக்கட்டும், துளையின் அளவை மாற்றுங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள ஏபிஎஸ் பட்டை, வெப்பம் 40 பாகை கூடும்போது ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் நீளும். அதே வெப்பத்தில் அலுமினியச் சட்டகம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நீளும். மரம் இழைவாக்கில் அசைவதே தெரியாது. பட்டையைப் பத்துத் திருகுகளால் இறுக அறைந்துவிட்டால், நீள இடமில்லாத அந்த மூன்றரை மில்லிமீட்டர் முழுவதும் துளைகளின் விளிம்பில்தான் போய் முட்டும். அதோடு தலையின் அடிப்பக்கம் கூம்பாக உள்ள திருகைப் போட்டிருந்தால், அது ஒவ்வொரு துளையையும் ஆப்புபோல உள்ளிருந்து பிளந்துகொண்டே இருக்கும். உங்கள் விரிசல்களுக்கு வயது பாதிக் காரணம், இது மீதிக் காரணம்.

நடுவிலுள்ள ஒரு துளையை மட்டும் திருகுக்குச் சரியாக விட்டு, மற்றவற்றைத் திருகின் தண்டைவிட 2 மில்லிமீட்டர் பெரிதாக்குங்கள். நீளமான பட்டைகளில் முனைகளை நெருங்க நெருங்க அவற்றை நீள்துளைகளாக ராவிக்கொள்ளுங்கள். சாதாரண டிரில் முனை நொறுங்கும் பிளாஸ்டிக்கைக் கவ்வி இழுத்துவிடும் என்பதால், படிப்படியாக அகலும் முனையைக் கொண்டு, பின்னால் மரத்துண்டு வைத்து, மெதுவான வேகத்தில் துளையிடுங்கள். தலையின் அடிப்பக்கம் தட்டையாக உள்ள திருகும் அகலமான வாஷரும் போடுங்கள். கூம்புத்தலைத் திருகே தோற்றத்துக்கு வேண்டுமென்றால் அதைக் கிண்ண வாஷரில் உட்காரவையுங்கள். மின்திருகியைத் தள்ளிவைத்துவிட்டு, கையால் இறுக்கி, பிடித்தது தெரிந்தவுடன் கால் சுற்றுப் பின்னோக்கித் திருப்பி விடுங்கள். வாஷரை விரலால் நகர்த்தினால் சற்றே நகர வேண்டும். அதிர்வில் திருகு கழன்றுவிடும் என்று பயந்து திருகுப்பூட்டுத் திரவம் எதையும் இட வேண்டாம், அந்த வகைத் திரவங்களில் பல ஏபிஎஸ்ஸில் பட்டால் துளையைச் சுற்றி விரிசல் விழும். பட்டைகள் சந்திக்கும் முனைகளில், குளிர்ந்த நாளில் பொருத்துவதானால் 3 மில்லிமீட்டரும் வெப்பமான நாளில் 1 மில்லிமீட்டரும் இடைவெளி விட்டு, மூலைமூடியால் மறைத்துவிடுங்கள்; மூலைமூடியைப் பட்டையோடு ஒட்டாமல் சுவரோடு மட்டும் திருகுங்கள்.